மூடுபனிக்குள் ஒரு கோபுரம்: பென் நெவிஸ் குளிர்காலமும் அட்டவணை என்னும் பிரதியும்

உயரத்தில் நின்று பார்ப்பவன் அதிகாரத்தில் இருப்பவன் என்று ரொம்ப நாளாக எழுதிக்கொண்டிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். பெந்தாமின் சிறைக் கோபுரம், அதை வைத்து ஃபூக்கோ சொன்னது, அதை எடுத்துக்கொண்டு சர்வே கல், ஜனத்தொகைக் கணக்கு, மலேரியாக்காரர் நம் வீட்டுச் சுவரில் எழுதிவிட்டுப் போகும் எண் வரைக்கும் நாம் நீட்டியது, இதெல்லாம் இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குப் பழகிப்போன சங்கதிகள். சமீபத்தில் ஒரு கூட்டத்தில் ஒரு தோழர் ‘அளத்தல் என்பதே வன்முறை’ என்று ஒரே போடாகப் போட்டார். கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். தட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. ஏனென்றால் அந்த நாட்களில் நான் படித்துக்கொண்டிருந்தது ஒரு மலையுச்சி வானிலை நிலையத்தின் அட்டவணைகளை. அவற்றில் நான் கண்ட ‘அளப்பவன்’ அந்த வாக்கியத்துக்குள் அடங்க மறுத்தான்.

இடம் ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாடு. பென் நெவிஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த சிகரம். உயரம் 4,400 அடிக்குக் கொஞ்சம் மேல். நம் தொட்டபெட்டாவில் பாதிதான். ஆனால் அது இருக்கும் அட்சரேகையும், அட்லாண்டிக்கிலிருந்து வரும் புயல்கள் முதலில் வந்து மோதும் இடமாக இருப்பதும் சேர்ந்து அந்த உயரத்தை வேறொன்றாக ஆக்கிவிடுகின்றன. வருஷச் சராசரி வெப்பமே உறைநிலையை ஒட்டித்தான். மழையும் பனியும் சேர்ந்து வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல். நடுக்குளிர்காலத்தில் பகல் ஏழு மணி நேரம்கூட இருக்காது. இந்த உச்சியில் 1883 அக்டோபர் 17இல் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. 1904 வரை அங்கே ஆட்கள் குடியிருந்து மணிக்கு ஒரு தடவை, இரவும் பகலும், காற்றழுத்தம், வெப்பம், காற்று, மேகம், மழை எல்லாவற்றையும் குறித்துவைத்தார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக, மணிக்கு மணி.

கோபுரமும் இருந்தது. இதுதான் எனக்கு முதலில் தட்டுப்பட்ட விஷயம். முதல் குளிர்காலத்தில் பனி வாசலை மூடிவிட்டது. ஆகவே அடுத்த வருஷம் கட்டடத்தின் மேல் ஒரு கோபுரத்தை எழுப்பினார்கள், கதவு புதைந்துபோனால் மேல்வழியாக வெளியே வருவதற்கு. உலகத்தைக் கண்காணிக்க எழுந்த கோபுரம் என்று நாம் பாடம் நடத்த இதில் எதுவும் கிடையாது. பாம்புப் புற்றுக்கு இருப்பதுபோல இன்னொரு வாய், அவ்வளவே. அதில் ஏறி நின்றாலும் என்ன தெரிந்திருக்கும்? நவம்பர் முதல் ஜனவரி வரை நூற்றுக்கு எண்பது மணி நேரம் உச்சி மூடுபனிக்குள்தான் கிடந்தது. நீட்டிய கை தெரிந்தால் அதிர்ஷ்டம். ‘உச்சியிலிருந்து காணும் பார்வை’ என்ற நம்முடைய உருவகம் உச்சியில் குடியிருக்காதவர்கள் செய்த உருவகம் என்று இப்போது தோன்றுகிறது. அங்கே குடியிருந்தவர்களுக்குத் தங்கள் விளக்கின் வெளிச்சம் விழும் இரண்டு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

இந்த நிலையத்தின் முன்கதையில் ஒரு பெண் இருக்கிறார். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1881 கோடையில் கிளெமன்ட் ராக் என்பவர் தினமும் அடிவாரத்து ஃபோர்ட் வில்லியம் ஊரிலிருந்து மலையேறி, உச்சியில் கருவிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு இறங்குவார். ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் வரை, மழையோ புயலோ, தினமும். 1882இலும் இது நடந்தது. ஸ்காட்லாந்து வானிலைச் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அவர் மேலே கருவியைப் பார்க்கும் அதே நேரத்தில் கீழே கடல்மட்டத்தில் கருவிகளைப் பார்த்துக் குறித்தவர் அவர் மனைவி. பதக்கக் கதையில் இது ஒரு வரி. பல இடங்களில் அந்த வரியும் கிடையாது. ஆனால் அந்த அறிவியலின் தர்க்கப்படியே பார்த்தால், உச்சியின் எண் தனியாக எதையும் பேசாது. அதே நேரத்து அடிவார எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அர்த்தம் பிறக்கிறது. சசூரைப் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணவர் எழுதியது பாதி வாக்கியம், மற்றப் பாதியை எழுதியவர் அந்த அம்மா. மலையேறியது சாகசமாகிவிட்டது, கீழே நேரம் தவறாமல் நின்றது வீட்டுவேலை மாதிரி ஆகிவிட்டது. (ராக்குக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. நிலையம் திறந்தபோது பொறுப்பாளர் வேலைக்கு மனுப்போட்டார். ராபர்ட் ஓமண்ட் என்பவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ராக் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் புயல்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்.)

இனி குளிர்காலத்துக்கு வருவோம். இந்த அட்டவணைகளைப் படிக்கிற எவருக்கும் ஒரு கேள்வி வரவேண்டும். காற்றின் வேகத்தை எதை வைத்து அளந்தார்கள்? காற்றளவி இருந்தது, கிண்ணங்கள் சுழலும் கருவி. ஆனால் பென் நெவிஸ் மூடுபனி சாதாரண மூடுபனி இல்லை. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் நீராகவே மிதக்கும் துளிகள் கல், கம்பி, கயிறு, கருவி என்று எதைத் தொட்டாலும் அந்தக் கணமே உறையும். உறைந்து, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையைப் பார்த்து இறகு இறகாக வளரும். சில மணி நேரத்தில் காற்றளவி ஒரு வெள்ளைக் கட்டி. சுழலாது. குளிர்காலத்தின் பெரும்பகுதி இப்படித்தான்.

ஆகவே காற்றை உடம்பால் அளந்தார்கள். இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. இரவுமுறை பார்ப்பவர் வெளியே போய் நிற்பார். காற்று தன்னை எவ்வளவு தள்ளுகிறது, நிமிர்ந்து நிற்க முடிகிறதா, குனிய வேண்டியிருக்கிறதா, தவழ்ந்தால்தான் உண்டா என்பதை வைத்துச் சுழியத்திலிருந்து பன்னிரண்டுக்குள் ஓர் எண்ணைத் தீர்மானிப்பார். அதுதான் ஏட்டில் ஏறும். கோடையில் காற்றளவி ஒழுங்காகச் சுற்றும் நாட்களில் உடம்பு சொன்ன எண்ணையும் கருவி சொன்ன எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடம்பின் ஒரு படி மணிக்கு இத்தனை மைல் என்று கணக்குப் பண்ணிக்கொண்டார்கள். அதாவது தராசைச் சரிபார்ப்பதுபோல ஒரு மனிதனின் நெஞ்சையும் முழங்காலையும் சரிபார்த்து, பிறகு அவனை அறிவியல் கருவியாக ஏற்றுக்கொண்டார்கள். புறவயம், புறவயம் என்கிறோமே, இந்த இடத்தில் அதற்கு இரண்டு கால்களும் ஒரு கம்பளிக் கோட்டும் இருந்தன.

வெப்பமானிப் பெட்டியின் கதையும் இப்படித்தான். பலகைகளைச் சாய்த்து அடுக்கிய அந்த வெள்ளை மரப்பெட்டி இன்றைக்கும் நம்மூர் வானிலை அலுவலகங்களில் நிற்கிறது. அதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. பெட்டி தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. பென் நெவிஸில் எது தரை? பனி வாரத்துக்கு வாரம் உயர்ந்துகொண்டே போகும். ஏணி மாதிரி ஒரு சட்டத்தில் பெட்டியை மாட்டி, பனி ஏற ஏறப் பெட்டியையும் படி படியாக ஏற்றினார்கள். மோசமான இரவுகளில் கயிற்றால் பிணைத்துக்கொண்டுதான் அந்தப் பெட்டி வரைக்கும் போனார்கள். விளக்கு அணைந்துவிடும். 1884 ஜனவரி 26இல் அடித்த புயலில் கிரீஃப் பக்கத்திலுள்ள ஒக்டர்டைரில் காற்றழுத்தம் 925.6 மில்லிபார் வரை இறங்கியது. பிரிட்டன் தீவுகளில் அதற்குக் கீழே இன்றுவரை பதிவாகவில்லை. நிலையத்துக்கு அது முதல் குளிர்காலம். வெளியே போகவே முடியாமல் போன மணிகளும் அந்த வருஷங்களில் உண்டு.

பகலில் என்ன செய்தார்கள்? அடுப்புக்கு நிலக்கரி போட்டார்கள். வாசலைத் தோண்டினார்கள். கணக்குப் போட்டார்கள், தந்தியில் கீழே அனுப்பினார்கள், டப்பா உணவைச் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், மறுபடி தோண்டினார்கள். ஒரு பொறுப்பாளர், ஓரிரு உதவியாளர், ஒரு சமையல்காரர். குளிர்காலம் பூராவுக்கும் வேண்டிய சாப்பாடும் நிலக்கரியும் கோடையிலேயே குதிரை முதுகில் ஏறிவந்துவிடவேண்டும். பனி இறங்கிய பிறகு அந்தப் பாதை இல்லாத மாதிரிதான். இதை விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. மலையுச்சித் தனிமை என்றதும் கவிதை எழுத உட்கார்ந்துவிடுகிறவர்கள் நம்மில் அதிகம்.

எம்.ஏ.வில் பொருளதிகாரம் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒன்று தோன்றாமல் இருக்காது. மலை, கூதிரும் முன்பனியும், யாமம். குறிஞ்சியின் முதற்பொருள் அத்தனையும் அந்த இரவுமுறைக்காரரைச் சுற்றி நிற்கிறது. ஆனால் அவர் எழுதுவது என்ன? நிலத்தையும் பொழுதையும் மட்டும். இந்த உயரத்தில், இந்த மணியில், இவ்வளவு. கருப்பொருளையும் உரிப்பொருளையும் கழித்துவிட்டு முதற்பொருளை மட்டும் வைத்து ஒரு பிரதி செய்ய முடியுமா என்று யாராவது கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். வானிலை அட்டவணை அப்படிப்பட்ட பிரதி. அதில் எழுவாய் இல்லை. ‘நான் போய்ப் பார்த்தேன்’ இல்லை, ‘பார்க்கப்பட்டது’ என்ற செயப்பாட்டுவினைகூட இல்லை. வினையே இல்லை. எண்ணும் எண்ணும் மட்டும். காற்றில் நின்ற உடம்பு ‘8’ என்றோ ‘11’ என்றோ மாறியவுடன் காணாமல் போகிறது. அந்த 11 எந்த உதவியாளரின் முழங்காலிலிருந்து வந்தது என்று அட்டவணையைக் கேட்டால் சொல்லாது.

ஓரத்தில் குறிப்புகளுக்கென்று இடம் விட்டிருந்தார்கள். நம்முடைய பாஷையில் விளிம்பு. உயிர் அங்கேதான் கசிகிறது. குளிர்காலப் பனிப்புயல் இரவுகளில் கூரைக் கம்பிகளின் நுனியிலும், வெளியே நின்றவரின் தொப்பியிலும் முடியிலும், கையில் பிடித்த பென்சில் நுனியிலும்கூட ஒளி சீறியதாக ஓமண்டும் ரான்கினும் மற்றவர்களும் குறித்திருக்கிறார்கள். காற்றில் ஏறிய மின்னூட்டம் கூரிய முனைகள் வழியாகக் கசியும்போது வரும் ஒளி அது. மாலுமிகள் புனித எல்மோவின் நெருப்பு என்பார்கள். குறித்துக்கொண்டிருக்கும் பென்சிலே எரிகிறது. எழுத்தாளர்களுக்கு இதைவிட நல்ல படிமம் கிடைக்காது. ஆனால் அவர்கள் அதைப் படிமமாக எழுதவில்லை, எந்த மணி, எவ்வளவு நேரம், எந்தத் திசைக் காற்று என்று எழுதினார்கள். அந்தக் கஞ்சத்தனத்தின் மீது எனக்கு மரியாதை வந்துவிட்டது.

நிலையம் மூடிய பிறகு 1905இல் கில்கோர் என்பவர் பென் நெவிஸில் இருபது வருஷம் என்று ஒரு சிறு புத்தகம் கொண்டுவந்தார். அங்கிருந்தவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம். தகவல் இருக்கிறது, நன்றி சொல்லவேண்டும். ஆனால் புயலையும் பனியையும் மனிதனுக்கு எதிரியாக நிறுத்திவைத்து வாசகனை மெய்சிலிர்க்கவைக்கும் ஒரு வகைமை உண்டல்லவா, பேரரசுக் காலத்து ஆங்கில வாசகனுக்கு அந்த ருசிதான் தெரியும். நிலையத்தின் பெயர் பிற்பாடு உலகத்தில் அடிபட்டதும் வேறொரு வழியில்தான். 1894 செப்டம்பரில் சி.டி.ஆர். வில்சன் என்ற இளம் இயற்பியலாளர் இரண்டு வாரம் மாற்றாளாக வந்து தங்கினார். மேகத்தின் மேல் தன் நிழலையும் அதைச் சுற்றிய வண்ண வளையங்களையும் கண்டார், அதைச் சோதனைச்சாலையில் செய்துபார்க்க ஆசைப்பட்டார், அது மேக அறை என்ற கருவியில் போய் முடிந்தது, 1927இல் நோபல் பரிசு. ரெண்டு வாரம் வந்துபோனவர் வரலாறு. வருஷக்கணக்கில் அதே மேகத்துக்குள் பனி தோண்டினவர்கள் அடிக்குறிப்பு. வில்சன் மேல் குற்றமில்லை. அறிவியல் வரலாறு ‘கண்டுபிடிப்பு’ என்ற ஒரு நொடியைக் கொண்டாடும் அளவுக்குத் ‘தொடர்ச்சி’ என்ற உழைப்பைக் கண்டுகொள்வதில்லை. இலக்கிய வரலாறு மட்டும் என்ன வாழ்ந்தது.

1883ஐப் பற்றி இன்னொன்று. அந்த வருஷம் அதே மலைநாட்டில் இன்னொரு பதிவுவேலையும் நடந்தது. நிலப்பிரபுக்களுக்கும் குத்தகைச் சிறுவிவசாயிகளுக்கும் மோதல் முற்றி, ஸ்கை தீவில் பிரேஸ் என்ற ஊரில் 1882இல் மக்களும் போலீசும் அடித்துக்கொண்ட பிறகு, அரசு ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. அதன் தலைவர் நேப்பியர் பிரபு. ஆம், 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர்தான், சென்னையில் கூவத்தைக் கடக்க நாம் ஏறும் பாலத்தின் பெயர்க்காரர். கமிஷன் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் வாங்கியது. பலர் கேலிக் மொழியில் பேசினார்கள், மொழிபெயர்த்து ஆங்கிலத்தில் அச்சானது. முதலில் பேசிய விவசாயியே, நான் பேசினால் என்னை நிலத்தைவிட்டுத் துரத்தமாட்டார்கள் என்று உறுதி கொடுங்கள் என்றுதான் ஆரம்பித்தார். 1884இல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. 1886இல் குத்தகைப் பாதுகாப்புச் சட்டம்.

நம் வழக்கப்படி இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்திவிடலாம். ஒரு பக்கம் மக்கள் குரல், மறு பக்கம் அதிகாரத்தின் எண். கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. மக்கள் குரலைப் பதிவுசெய்தது அரசு, அதுவும் ஒரு காலனி கவர்னர், அதுவும் அந்த மக்களுடையதல்லாத மொழியில். எண்களைப் பதிவுசெய்தது பொதுஜனத்திடம் நன்கொடை வசூலித்து நடந்த ஒரு நிலையம். மலைப்பாதையில் ஏறும் உல்லாசப் பயணிகளிடம் ஆளுக்கு ஒரு ஷில்லிங் சுங்கம் வாங்கிச் செலவைச் சமாளிக்கப் பார்த்தார்கள். அரசு வருஷத்துக்கு 100 பவுண்டு கொடுத்தது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தத்துக்கு 20 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்த அரசு அது. 1904இல் நிலையம் பணமில்லாமல் மூடப்பட்டது. அளத்தல் எல்லாம் அதிகாரத்தின் கண் என்றால், அதிகாரம் ஏன் தன் கண்ணையே கொஞ்சம் பவுண்டுக்காகப் பிடுங்கிப் போடுகிறது? எந்த அளவை யாருக்கு எப்போது தேவைப்படுகிறது என்ற கேள்வி நம்முடைய சூத்திரத்தில் இல்லை. நிலவரி அளவைக்கு என்றைக்குமே பணத்தட்டுப்பாடு வந்ததில்லை.

அதே சமயம் அட்டவணையைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. ஃபோர்ட் வில்லியத்திலிருந்து உச்சிவரை அந்தப் பாதையை வெட்டினவர்கள், மூட்டை ஏற்றின குதிரைக்காரர்கள், சமையல்காரர், இவர்களில் ஒருவரும் எண்ணாகக்கூட உள்ளே வரவில்லை. நமக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. 1855இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வாளராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், அகத்தியமலை உச்சியில் ஒரு நிலையம் போட்டார். தமிழுக்கு இலக்கணம் தந்ததாகச் சொல்லப்படும் முனிவரின் மலையில் காந்தமானி. மரத்தையும் கருவிகளையும் காட்டுக்குள்ளே சுமந்து ஏற்றின தோள்கள் யாருடையவை என்பதைத் தேடவேண்டியது நம் ஆய்வாளர்களின் வேலை. பொதிகையைப் பற்றி வந்த தமிழ்க் கட்டுரைகளுக்குக் குறைவில்லை, இதைப் பேசியது என் கண்ணில் பட்டதில்லை.

2017இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஹாக்கின்ஸ் என்ற காலநிலை விஞ்ஞானி, பென் நெவிஸ் ஏடுகளின் பக்கங்களைப் படமாகப் போட்டு, இவற்றைக் கணினியில் ஏற்ற யாராவது உதவுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டார். மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் கூலியில்லாமல் உட்கார்ந்து தட்டினார்கள். உச்சியும் அடிவாரமும் சேர்த்துச் சுமார் 15 லட்சம் எண்கள், சில மாதங்களுக்குள். அதே முறையில் மீட்ட பழைய காற்றழுத்த எண்களை வைத்து 1903 பிப்ரவரியில் அயர்லாந்தையும் பிரிட்டனையும் தாக்கிய புயலை மறுபடி கட்டி எழுப்பினார்கள். அந்தப் புயலுக்கு யுலிசிஸ் என்று பெயர். ஜாய்ஸின் நாவலில் அது வருகிறது. (நாவல் நடக்கும் நாள் 1904 ஜூன் 16. பென் நெவிஸ் அப்போது தன் கடைசிக் கோடையில் இருந்தது.) நிலக்கரிப் புகை வானத்தில் இவ்வளவு சேர்வதற்கு முந்திய உலகம் எப்படி இருந்தது, புயல்கள் எப்படி வந்தன, இப்போது எப்படி வருகின்றன என்று கேட்டால், பதில் சொல்ல இப்படிப்பட்ட ஏடுகளைத்தான் தேடவேண்டியிருக்கிறது. பருவநிலை மாற்றம் வெறும் பெருங்கதையாடல் என்று எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சொல்லும்போது, அவர்கள் வாயில் நம்முடைய சொற்களே இருப்பதைக் கேட்டிருக்கிறேன். எல்லாப் பதிவும் கட்டமைக்கப்பட்டதுதானே என்கிறார்கள். கட்டமைக்கப்பட்டதுதான், ஆமாம். கயிறு கட்டிக்கொண்டு, விளக்கு அணைய அணைய, ஏணியில் பெட்டியை ஏற்றி ஏற்றிக் கட்டமைத்தது. எப்படிக் கட்டமைக்கப்பட்டது என்று கேட்பதும், ஆகவே பொய் என்று சொல்வதும் வேறு வேறு காரியங்கள். நாம் முதலாவதை ஆரம்பித்துவைத்தோம். இரண்டாவது வந்தபோது சும்மா இருந்தோம்.

கூட்டத்தில் கைதட்டிய தோழருக்கும் எனக்கும் இதைப் பற்றிப் பிறகு தகராறு நடந்தது. அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: இந்த உதவியாளர்களை நீ கொண்டாடுவது நம்மூர் மழைமானிக்காரரை, அணைக்கட்டில் நீர்மட்டம் குறிக்கும் லஸ்கரைக் கொண்டாடாமல் இருப்பதற்கு ஒரு வழிதானே? இருக்கலாம். தாலுகா ஆபீஸில் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதுகிறவர் சில நாள் பார்க்காமலே எழுதுகிறார் என்று நாம் சிரிக்கிறோம். பார்த்து எழுதிய நாட்களைப் பற்றி யாரும் கதை எழுதியதில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. வில்லியம் ஸ்பியர்ஸ் புரூஸ் 1895-96இல் பென் நெவிஸில் வேலைபார்த்தவர். 1902இல் அண்டார்டிகாவுக்குப் பயணம் போனார். 1903இல் லாரி தீவில் கல்லால் ஒரு வீடு கட்டி அதற்கு ஓமண்ட் வீடு என்று பழைய பொறுப்பாளரின் பெயரை வைத்தார்கள். மலையுச்சியில் பழகிய அதே வேலையை அங்கேயும் ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் அரசு அதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1904 பிப்ரவரியில் அர்ஜென்டினாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். பென் நெவிஸ் உச்சியில் இன்று மிச்சம் கிடப்பது இடிந்த சுவர்கள்தான். லாரி தீவில் அர்ஜென்டினாக்காரர்கள் 1904இலிருந்து இன்றுவரை விடாமல் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.